வெள்ளியில் பதிந்த முகம்

நுழையும்முன்

இலக்கியம் மன்னரின் வீரத்தையும் கொடையையும் பாடுகிறது. அவர்தம் முகத்தைக் காட்டுவதில்லை. கல்வெட்டு பெயரைத் தருகிறது. அதுவும் முகத்தைக் காட்டுவதில்லை. விரல் நுனியில் அடங்கும் ஒரு வெள்ளிக் காசு இவ்விரண்டும் தராத ஒன்றைத் தருகிறது. கிரேக்க மண்ணில் தோன்றிய ஒரு வழக்கம் கரூர் ஆற்றுமணல் வரை வந்து சேர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பூவா, தலையா?

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது சமயநல்லூர். அவ்வூர்த் திடலில் மாலைநேரத்தில் இரண்டு அணிகள் ஆட்டத்திற்கு நிற்கும்போது, நடுவர் ஒரு நாணயத்தைச் சுண்டி, ‘பூவா, தலையா?’ என்று கேட்பார். ‘தலை’ என்று ஒருவன் குரல் கொடுப்பான். விழுந்த நாணயத்தில் இருப்பதோ அசோகரின் சிங்கத்தூண். மனிதத் தலை எதுவும் அதில் இல்லை. ஆயினும் ஆடுவோர் எவர்க்கும் ஐயம் எழுவதில்லை.

இச்சொல் பழைய நாணயத்திலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1835ஆம் ஆண்டில் தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே வகை வெள்ளி ரூபாயை வெளியிட்டபோது, அதன் ஒருபுறத்தில் இங்கிலாந்து மன்னர் நான்காம் வில்லியத்தின் தலையைப் பொறித்தது. அவருக்குப் பின் விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோரின் தலைகள் தொடர்ந்தன. விக்டோரியாவின் ரூபாயில் மறுபுறம் பூங்கொடிகள் சூழ மதிப்பு எழுதப்பட்டிருந்தது. நாணயத்தின் இருபுறங்களையும் மக்கள் தாம் கண்டவாறே பெயரிட்டு வழங்கினர். 1950இல் குடியரசு இந்தியாவின் புதிய நாணயங்களில் மன்னர் தலை நீங்கிச் சிங்கத்தூண் இடம்பெற்றது. தலை போயிற்று, சொல் மட்டும் நின்றுவிட்டது.

கடல் கடந்து வாழும் ஓர் அரசரின் முகம் சமயநல்லூர் உழவர் ஒருவரின் மடியில் முடிந்திருந்தது என்பதை எண்ணிப்பார்த்தால் நாணயத்தின் ஆற்றல் விளங்கும். அவ்வரசரை அந்த உழவர் கண்டதில்லை; காணப்போவதும் இல்லை. எனினும் வரி கட்டும்போதும் சந்தையில் பொருள் வாங்கும்போதும் அம்முகம் அவர் கையில் இருந்தது. ஆள்வோர் தம் முகத்தை உலோகத்தில் பதித்து ஊரூராக அனுப்பும் இவ்வழக்கத்தைத் தொடக்கத்தில் எவரும் இயல்பானதாகக் கருதவில்லை.

தெய்வங்களின் இடம்

நாணயம் அடிக்கும் வழக்கம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டில் பொ.ஆ.மு. 7ஆம் நூற்றாண்டில் தோன்றியது. முதலில் பொன்னும் வெள்ளியும் இயற்கையாகக் கலந்த உலோகத்தில் காசுகள் அடிக்கப்பட்டன. அண்டையிலிருந்த கிரேக்க நகரங்கள் இவ்வழக்கத்தை விரைந்து ஏற்றன. அவற்றின் விருப்ப உலோகமாக அமைந்தது வெள்ளி. ஒவ்வொரு நகரமும் தனக்குரிய அடையாளத்தைத் தேர்ந்தது. ஈஜினாத் தீவின் காசில் ஆமை இருந்தது. ஏதென்சு நகரின் காசில் ஒருபுறம் அதீனாத் தெய்வத்தின் தலையும் மறுபுறம் அத்தெய்வத்திற்குரிய ஆந்தையும் இருந்தன. லாரியம் என்னுமிடத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த வெள்ளி, ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ள நான்கு டிராக்மா காசுகளாக மத்தியதரைக் கடல் எங்கும் பரவியது. ‘ஆந்தை’ என்றே மக்கள் அக்காசினை அழைத்தனர்.

காசு அடிக்கும் முறை எளிதெனத் தோன்றும். ஆனால் திறன் மிகுதியும் வேண்டுவது. ஓர் அச்சில் உருவத்தைக் குழிவாகவும் இடவலம் மாற்றியும் செதுக்கிப் பட்டடையில் பொருத்துவர். சூடாக்கிய வெள்ளி வில்லையை அதன்மேல் வைத்து, மற்றோர் அச்சினை வில்லையின்மேல் நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். இரு உருவங்களும் ஒருங்கே பதியும். கையால் அடிப்பதால் உருவம் சற்று விலகுவதும், எழுத்துகள் சில வில்லைக்கு வெளியே போய்விடுவதும் உண்டு. இன்று பழங்காசு படிக்கும் அறிஞர்கள், ஒரே அச்சில் அடித்த பல காசுகளை அருகருகே வைத்து, ஒன்றில் விடுபட்ட எழுத்தை மற்றொன்றிலிருந்து நிரப்பிக்கொள்கின்றனர்.

அதீனாவின் தலை இருந்த இடத்தில் உயிரோடிருக்கும் ஒரு மனிதனின் தலையை வைக்கக் கிரேக்கர் நெடுங்காலம் துணியவில்லை. காசின் தலைப்புறம் தெய்வத்திற்கு உரியது என்பது அவர்தம் எண்ணம். பாரசீகப் பேரரசின் மேற்கெல்லையில் ஆளுநர் சிலர் தம் தலையைப் பொறித்ததுண்டு, அது விதிவிலக்கு. உலகையே வெல்லப் புறப்பட்ட அலெக்சாண்டரும்கூடத் தம் வெள்ளிக் காசில் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிசின் தலையையும், அரியணையில் அமர்ந்த சீயசையும்தாம் பொறித்தார். பெயரை மட்டும் அருகில் எழுதினார்.

பொ.ஆ.மு. 323இல் அவர் இறந்தபின் நிலை மாறியது. அவருடைய படைத்தலைவர்கள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டனர். அவர்களுள் எவரும் அரச குடியில் பிறந்தவர் அல்லர். ஆளும் உரிமையை எதைக்கொண்டு நாட்டுவது? இறந்தவரின் முகத்தைக்கொண்டு நாட்டினர். எகிப்தை ஆண்ட தாலமி, யானைத் தலையின் தோலைப் போர்த்திய அலெக்சாண்டரின் முகத்தைக் காசில் வெளியிட்டார். இந்திய எல்லைவரை சென்ற வெற்றிக்கு அந்த யானை சான்று. திரேசு நாட்டை ஆண்ட லைசிமாக்கசு வெளியிட்ட காசில், அலெக்சாண்டரின் கூந்தலுக்கிடையே ஆட்டுக்கடாவின் கொம்பு வளைந்து நிற்கிறது. அது அம்மோன் என்னும் தெய்வத்தின் அடையாளம். மனிதமுகம் தெய்வத்தின் இடத்தை நேரடியாகப் பிடிக்கவில்லை. தெய்வத்தின் கொம்பை அணிந்துகொண்டே உள்ளே நுழைந்தது.

இறந்தவரின் முகத்திற்கு இடம் கிடைத்தபின், உயிரோடிருப்பவரின் முகத்திற்கு இடம் கிடைக்க நெடுநாள் ஆகவில்லை. தாலமி தம் முகத்தையே பொறித்தார். அரசர் என்பதற்கு அடையாளமாக, நெற்றியைச் சுற்றித் தலையின் பின்புறம் முடிச்சிட்டு, இரு முனைகளும் பிடரியில் தொங்குமாறு கட்டிய ஒரு துணிப்பட்டை அம்முகங்களில் காணப்படும். அவர்களுக்கு அதுவே மணிமுடி. தமிழில் ‘பட்டம் கட்டுதல்’ என்னும் தொடரை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. இரண்டு வழக்கங்களுக்கும் உறவு கற்பிக்க வேண்டியதில்லை; நெற்றியில் கட்டும் ஒரு பட்டை ஆட்சியுரிமையைக் குறிப்பது இரண்டிடத்தும் ஒத்திருக்கிறது என்பதே கருதத்தக்கது.

உரோமர் இவ்வகையில் இன்னும் தயங்கினர். உரோமில் உயிரோடிருக்கும்போதே தம் முகம் காசில் பொறிக்கப்பெற்ற முதல் மனிதர் ஜூலியசு சீசர். ஆண்டு பொ.ஆ.மு. 44. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார்.

இந்தியாவிற்குள் நுழைந்த முகம்

அலெக்சாண்டருக்குப் பின் இன்றைய ஆப்கானிசுத்தானத்தின் வடபகுதியில் பாக்டிரியா என்னும் கிரேக்க அரசு உருவானது. அங்கிருந்து இந்துகுஷ் மலையைக் கடந்து சிந்து, பஞ்சாபுப் பகுதிகளுக்கு வந்து ஆண்டவர்களை இந்தோ-கிரேக்கர் என்பர். அவர்தம் வெள்ளிக் காசுகளில் உள்ள முகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. இளைஞர், முதியவர், தலைக்கவசம் அணிந்தவர், கழுத்து தடித்தவர் எனத் தனித்தனி மனிதர்களை அவற்றில் அடையாளம் காணலாம். முகத்தை அழகுபடுத்தாமல் உள்ளவாறே செதுக்கிய கலைஞர்கள் அவர்கள்.

இக்காசுகளின் பெருமதிப்பு அழகில் மட்டும் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட இந்தோ-கிரேக்க அரசர்களுள் மிகச் சிலரையே நூல்கள் குறிப்பிடுகின்றன. மற்றையோர் வாழ்ந்தனர் என்பதற்கே காசுகளைத் தவிர வேறு சான்று இல்லை. அக்காசுகள் உருக்கப்பட்டிருந்தால் அவ்வரசர்கள் வரலாற்றில் இல்லாமற் போயிருப்பர்.

இந்திய மக்களிடையே வழங்கவேண்டிய காசில் கிரேக்க எழுத்து மட்டும் போதாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். புத்த நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் மிலிந்தர் என வரும் மெனாண்டர், ஒருபுறம் தம் முகத்தைச் சுற்றிக் கிரேக்கத்திலும், மறுபுறம் பிராகிருத மொழியில் கரோஷ்டி எழுத்திலும் தம் பெயரைப் பொறித்தார். ‘காப்பவராகிய மகாராசர் மெனாண்டரின் காசு’ என்பது அதன் பொருள். அகதாக்ளிசு என்னும் அரசரோ ஒருபடி மேலே சென்றார். 1970இல் ஆப்கானிசுத்தானத்தின் ஐ கானும் என்னுமிடத்து அகழாய்வில் கிடைத்த அவருடைய சதுர வெள்ளிக் காசுகளில் அவர் முகம் இல்லை. ஒருபுறம் கலப்பை ஏந்திய பலராமரும், மறுபுறம் சக்கரம் ஏந்திய வாசுதேவரும் நிற்கின்றனர். ஒருபுறம் கிரேக்க எழுத்து. மறுபுறம் பிராமி எழுத்து.

இவ்விருமொழிக் காசுகளுக்குத் தமிழ் மாணவர்கள் கடன்பட்டுள்ளனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராமி எழுத்தைப் படிக்க வல்லார் எவரும் இல்லை. 1836இல் கிறித்தியன் லாசன் என்னும் அறிஞர், அகதாக்ளிசின் காசில் கிரேக்கத்தில் இருந்த பெயரைத் துணையாகக்கொண்டு, எதிர்ப்புறத்துப் பிராமி எழுத்துகள் சிலவற்றை அடையாளம் கண்டார். மறுஆண்டில் ஜேம்சு பிரின்செப் அவ்வெழுத்து முறை முழுவதையும் படித்துக் காட்டினார். மதுரையை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய தமிழிக் கல்வெட்டினை 1882இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்தார். அது தமிழே என 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அப்படிப்பின் வேர்களுள் ஒன்று, தன் முகத்தை விடுத்துப் பெயரை மட்டும் இருவகை எழுத்தில் பொறித்த ஒரு கிரேக்க அரசனின் காசில் இருக்கிறது.

இந்தோ-கிரேக்கருக்குப் பின் மேற்கிந்தியாவை ஆண்ட சகச் சத்திரபர்கள் முகக் காசைத் தொடர்ந்தனர். அவர்களுள் நகபானரின் வெள்ளிக் காசில் அவர் தலையைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள் உள்ளன. ஆனால் அவ்வெழுத்துகள் சொல்வது இந்திய மொழி. சாதவாகன அரசர் கௌதமிபுத்திர சதகர்ணி நகபானரை வென்றபோது, அக்காசுகளைத் திரட்டி உருக்கவில்லை. நகபானரின் முகத்தின்மேலேயே தம் மலைச் சின்னத்தையும், மறுபுறம் உச்சயினிச் சின்னத்தையும் ஓங்கி அடித்து மீண்டும் புழக்கத்தில் விட்டார். 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000க்கும் மேற்பட்ட நகபானர் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றுள் 9,000க்கும் மேற்பட்டவை இவ்வாறு மறு அச்சு பெற்றவை. தோற்றவரின் மூக்கும் காதும் வென்றவரின் சின்னத்திற்குக் கீழே இன்றும் தெரிகின்றன. போரின் முடிவை நாட்டு மக்களுக்கு அறிவிக்க இதனினும் விரைவான வழி அக்காலத்தில் இருந்திருக்க முடியாது.

பின்வந்த சாதவாகனர் தம் முகத்தையே வெள்ளியில் வெளியிட்டனர். அக்காசுகளின் தலைப்புறத்தில் பிராகிருத மொழி. மறுபுறத்தில் தமிழை ஒட்டிய தென்னாட்டு மொழி. அரசர் பெயருக்கு முன் பிராகிருதத்தில் ‘சிரி’ என்றிருப்பது மறுபுறத்தில் ‘திரு’ என வருகிறது. ‘மகன்’ என்னும் சொல்லும் அங்குக் காணப்படுகிறது. வடக்கும் தெற்கும் ஆண்ட அரசர், ஒரே காசில் இருவகை மக்களிடமும் பேசினார் எனலாம்.

பெயரும் சின்னமும்

இனித் தமிழகம். இங்குப் புழங்கிய மிகப்பழைய வெள்ளிக் காசுகள் முத்திரைக் காசுகளே. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, எடை சரிபார்த்து, கதிரவன், மலை, விலங்கு முதலிய முத்திரைகளைத் தனித்தனியே குத்துவர். முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. போடிநாயக்கனூரில் இத்தகைய வெள்ளிக் காசுகள் பெருந்தொகுதியாகக் கிடைத்தன. அவற்றின் பின்புறத்தில் உள்ள வளைகோட்டுச் சின்னத்தை மீன் எனக் கொண்டு, அவற்றைப் பாண்டியர் வெளியிட்டவையாக அறிஞர் கருதுகின்றனர்.

பாண்டியரின் எழுத்துடைய காசுகளுள் பெயர்பெற்றது ‘பெருவழுதி’ காசு. அது செம்புக் காசு. ஒருபுறம் குதிரை நிற்கிறது. அதன் மேலே ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கீழே தொட்டியில் ஆமைகள். மறுபுறம் கோட்டுருவ மீன். 1980களில் இதனைக் கண்டறிந்து வெளியுலகிற்கு அறிவித்தவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க இலக்கியத்தில் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி எனப் பெருவழுதியர் பலர் உள்ளனர். குதிரையை வேள்வியோடு தொடர்புபடுத்தி, இக்காசு முதுகுடுமிக்கு உரியது என்பார் உளர்.

கிரேக்க அரசர்களோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். அங்குக் காசு ‘இவர்தான் அரசர்’ என்று முகத்தைக் காட்டுகிறது. இங்குக் காசு குடியின் சின்னத்தைக் காட்டி, அரசரின் பெயரைச் சொல்கிறது. மீனும் வில்லும் புலியும் ஓர் அரசரோடு முடிவன அல்ல, வழிவழி வருவன. புலவர் பாட்டிலும் இதுவே நிகழ்கிறது. தோள், மார்பு, தார், கொடி ஆகியன பாடப்படுகின்றன. மூக்கும் கன்னமும் பாடப்படுவதில்லை. இதனைக் குறையாகக் கருதுவது பொருந்தாது. எதனை நிலையானதாக ஒரு சமுதாயம் கருதுகிறதோ, அதனையே அது உலோகத்திலும் பதிக்கிறது.

மாக்கோதையின் முகம்

சமயநல்லூர் வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலை திண்டுக்கல்லைக் கடந்து கரூரை அடைகிறது. கரூரே சேரரின் வஞ்சி என்பது அறிஞர் பலர் கொள்கை. அங்கு ஓடும் அமராவதி ஆற்றின் மணலிலிருந்து சேரர் காசுகளோடு உரோமக் காசுகளும், செலூக்கிய அரசின் காசுகள் உள்ளிட்ட கிரேக்கக் காசுகளும் கிடைத்துள்ளன. யவனர் பொன்னுடன் வந்து மிளகுடன் மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் முசிறியை வைத்துக் கூறுகிறது. அம்முசிறியையும் கீழைக் கடற்கரையையும் இணைக்கும் உள்நாட்டு வழியில், கொங்கு நாட்டின் நடுவே இருந்தது கரூர். அகசுதசு, தைபீரியசு ஆகிய உரோமப் பேரரசர்களின் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

அந்நிய அரசரின் முகத்தைத் தமிழகத்தார் எவ்வாறு நோக்கினர்? 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகள் இதற்கு ஒரு விடை தருகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டப்பட்டுள்ளது. அக்காசு மீண்டும் காசாகச் செல்லாதிருக்கவும், பொன்னாக மட்டும் எடையிட்டு மதிக்கப்படவும் இவ்வாறு செய்திருக்கலாம் என்பர். முகம் வெட்டுண்டதும் அதன் ஆணையும் முடிந்தது, எஞ்சியது பொன்.

வெட்டிய கைகள் ஒருபுறம் இருக்க, அம்முகங்களை உற்றுநோக்கிய கண்களும் இங்கு இருந்தன. கரூரில் கிடைத்த ஒரு வகை வெள்ளிக் காசில் மனிதத் தலை ஒன்று புடைத்து நிற்கிறது. உரோம வெள்ளிக் காசைப் பார்த்துப் பழகிய கைவினைஞனின் வேலை அது. ஆனால் தலைக்கு மேலே இருப்பது இலத்தீன் அன்று. தமிழி எழுத்தில் ‘மாக்கோதை’ என்னும் பெயர். மறுபுறம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. வெள்ளி தூய்மையானதும் அன்று. வேறு உலோகக் கலப்புடையது. இதே முறையில் ‘குட்டுவன் கோதை’ என்னும் பெயருடைய வெள்ளிக் காசும் கிடைத்துள்ளது. இரண்டும் பொ.ஆ. முதல் நூற்றாண்டையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சேர்ந்தவை என மதிப்பிடுவர். இவையன்றி, உரோமரது போன்ற தலைக்கவசம் அணிந்த உருவமும், மறுபுறம் சேரரின் வில்லும் அம்பும் உடைய வெள்ளிக் காசு ஒன்றும் அமராவதியில் கிடைத்துள்ளது.

வெள்ளிச் சுரங்கம் இல்லாத நாட்டில், வெளியிலிருந்து வந்த வெள்ளியைக்கொண்டு, வெளியிலிருந்து வந்த ஒரு வழக்கத்தை மேற்கொண்டு, சேரர் தம் முகத்தைப் பதித்தனர். பெயரைத் தம் மொழியில் எழுதினர். கிரேக்கர் தொடங்கி உரோமர் வளர்த்த மரபு, பல நூற்றாண்டுகள் கடந்து, காவிரிக்கு நீர் கொண்டுசெல்லும் ஆற்றின் கரையில் தமிழ் பேசியது.

‘மாக்கோதை’ என்னும் பெயர் தமிழ் படிப்போர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 245ஆம் பாடலைப் பாடியவர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. அது வெற்றிப் பாட்டு அன்று. தம் தேவி இறந்தபோது பாடியது. கள்ளி முளைத்த களர்நிலத்தில், விறகு அடுக்கிய ஈமத்தீயில் அவளைக் கிடத்திய பின்னும், தம் உயிர் போகவில்லையே என்று அவர் வருந்துகிறார். எத்துணைப் பெரிய துயராயினும் அது தம்மைக் கொல்லும் அளவிற்கு வலியதாக இல்லையே என்று தம்மையே நொந்துகொள்கிறார். புறநானூற்றில் அரசர்கள் பாடிய பாடல்கள் பல உண்டு. மனைவியை இழந்த கணவனாக ஓர் அரசர் நிற்கும் பாடல் இது.

காசில் உள்ள மாக்கோதையும் பாட்டில் உள்ள மாக்கோதையும் ஒருவரே எனக் கொள்ளத் தோன்றுவது இயல்பு. அவ்வாறு கருதும் அறிஞரும் உளர். காசில் உள்ள முகத்தை நோக்கி, அழுத கண்கள் இவையே என்று சொல்லும்போது கிடைக்கும் மனநிறைவு பெரிது. ஆனால் மனநிறைவு சான்றாகாது. சேரர் குடியில் ‘கோதை’ என்னும் பெயர் பலர்க்கு வழங்கியது. புறநானூற்றின் 54ஆம் பாடல் குட்டுவன் கோதை என்னும் சேரமானைப் பாடுகிறது. ‘குட்டுவன் கோதை’ காசைப் பற்றியும் இதே வினா எழுகிறது. ‘பெருவழுதி’ எனப் பலர் இருந்ததை முன்பே கண்டோம். பெயர் ஒத்திருத்தல் முதற்படி. காலம் ஒத்திருத்தல் இரண்டாம் படி. கல்வெட்டோ அகழாய்வு அடுக்கோ துணை நிற்பது மூன்றாம் படி. மாக்கோதையைப் பொறுத்தவரை முதற்படி உறுதியாக உள்ளது. சங்க இலக்கியத்தில் மட்டும் அறியப்பட்ட ஒரு சேரர் பெயர், இலக்கியத்திற்கு வெளியே, அக்காலத்து உலோகத்தில், அக்காலத்து எழுத்திலேயே கிடைத்துள்ளது என்பதே பெருஞ்செய்தி. சங்கப் பாடல்கள் கூறும் அரசர்கள் கற்பனை மாந்தரோ என ஐயுற்றோர்க்கு அவ்வொரு வரி எழுத்து தக்க விடையாயிற்று.

தெரியுமா?

சமயநல்லூரை அடுத்த தேனூரில் தமிழி எழுத்துப் பொறித்த பொற்கட்டிகள் கிடைத்துள்ளன. அவற்றில் உள்ள பெயர் ‘கோதை’ என முடிகிறது. முகமோ சின்னமோ இன்றிப் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. ‘கோதை’ என்பது சேர அரசர்க்கும் பெண்டிர்க்கும் பொதுவாக வழங்கிய பெயர்.

மூசைக்குத் தப்பியவை

அமராவதியின் மணலை அரித்துக் காசும் உலோகத் துணுக்கும் எடுத்து விற்போர் கரூரில் இருந்தனர். மாக்கோதையின் காசு போன்றவை பெரும்பாலும் அவ்வாறே வெளிவந்து, பழங்காசு வணிகர் கைக்குச் சென்று, அங்கிருந்து அறிஞர் பார்வைக்கு வந்தவை. வந்தவை சில. வெள்ளியின் விலைக்காகப் பொற்கொல்லரின் மூசையில் இறங்கி உருகிப்போனவை எத்தனை என்பதை எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. தேய்ந்து கறுத்த ஒரு வெள்ளித் துண்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஓர் அரசரின் முகம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவரைக் குறை கூறுவதில் பொருளும் இல்லை.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய எப்பொருளையும் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். அரசு அப்பொருளை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பையும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கையும் கூடுதலாக அளிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. உருக்கினால் கிடைப்பதைவிட ஒப்படைத்தால் கிடைப்பது மிகுதி என்பதை ஊர்களில் அறிந்தோர் குறைவு.

வணிகர் வழியாக வந்த காசுக்கு மற்றொரு குறையும் உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் 2021இல் நடந்த ஏழாம் கட்ட அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வெளிப்பட்டது. கதிரவன், பிறை முதலிய குறிகள் மட்டுமே அதில் உண்டு, முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனால் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் அது கிடந்தது என்பது அளந்து குறிக்கப்பட்டுள்ளது. அதே அடுக்கில் கிடைக்கும் பிற பொருள்களோடு சேர்த்து அதன் காலத்தை ஆராய முடிகிறது. மாக்கோதையின் காசில் முகம் உண்டு, பெயரும் உண்டு. அமராவதியின் வெள்ளம் அதனை எந்த வீட்டிலிருந்து, எந்தப் பேழையிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்தது என்பதற்கு மட்டும் மணலில் தடம் இல்லை.